ரக்பியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவது ஏன் குற்றமாக இருந்தது? டாலி மெசஞ்சரின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

2024 நவம்பரில் லண்டன் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 42-37 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்காக முதல் டெஸ்ட், அதாவது நாடுகளுக்கிடையேயான ஆட்டம், ஆடியவர் ஜோசப் சுவாலி. அவர் 2022-ல் சமோவா நாட்டுக்காக உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியவர். அதுவும் ரக்பிதான், ஆனால் வேறு ரக்பி. 2025-ல் இன்னொரு செய்தி வந்தது. 'ஆர்360' என்ற புதிய போட்டித் தொடரில் சேர்ந்தால் 10 ஆண்டுத் தடை என்று ஆஸ்திரேலிய ரக்பி லீக் நிர்வாகம் தன் வீரர்களை எச்சரித்தது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒருவர் எப்படி இரண்டு ரக்பியில் இரண்டு நாடுகளுக்கு ஆடினார்? அவரை வரவேற்ற விளையாட்டு உலகம் இன்னொரு தொடருக்குப் போகிறவரை ஏன் 10 ஆண்டுகள் ஒதுக்கப் பார்க்கிறது? விடைகள் 1907-ஆம் ஆண்டு சிட்னியில் தொடங்குகின்றன. அங்கே டாலி மெசஞ்சர் என்ற 24 வயது இளைஞர் ஒரு வாரத்தில் எடுத்த முடிவு, அவருடைய பெயரையே பதிவேட்டிலிருந்து அழிக்கும் அளவுக்குப் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது.

ரக்பி ஒன்றா, இரண்டா?

முதலில் அடிப்படை. ரக்பியில் இரண்டு வகைகள் உண்டு.

1. ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். ஒருவரைப் பிடித்துச் சாய்த்த பிறகும் பந்துக்கான போராட்டம் தொடரும். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் இரு அணியினரும் வரிசையாக நின்று, உள்ளே எறியப்படும் பந்துக்குத் தாவுவார்கள்.

2. ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். இப்போதைய விதிப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போகும். பக்கவாட்டு வரிசை கிடையாது.

கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். லீக்கில் பிடி விழுந்ததும் அந்தச் சுற்று முடிகிறது, அடுத்த சுற்று தொடங்குகிறது. யூனியனில் பிடி விழுந்த இடத்தில்தான் அடுத்த சண்டையே ஆரம்பம்.

இரண்டு வகையிலும் நாட்டுக்காக ஆடியவரை 'இரட்டைச் சர்வதேச வீரர்' என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். இன்று அது திறமைக்குக் கிடைக்கும் பட்டம். மெசஞ்சர் காலத்தில் அப்படி இல்லை.

இரண்டு ஆட்டங்களும் விதிகள் வேறுபட்டதால் பிரிந்தன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. முதலில் பிரிந்தது ஆட்களும் பணமும். விதிகள் பின்னால்தான் மாறின. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மெசஞ்சரின் கதை முழுவதும் விளங்கும்.

ஆறு ஷில்லிங்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் ஆலை, சுரங்க நகரங்களில் ரக்பி ஆடியவர்கள் தொழிலாளர்கள். சனிக்கிழமையும் பாதி நாள் வேலை இருந்த காலம். வெளியூரில் ஆட்டம் என்றால் அந்தக் கூலி போய்விடும். மைதானத்தில் டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பார்கள், சங்கத்தின் பெட்டி நிறையும், களத்தில் ஓடியவர் வீட்டில் மட்டும் அந்த வாரக் கூலி குறையும்.

வடக்கு கிளப்புகள் கேட்டது சம்பளம் அல்ல. ஆட்டத்துக்காக இழந்த வேலை நேரத்துக்கு ஈடு, அவ்வளவுதான். 1893-ல் இங்கிலாந்து ரக்பி யூனியனின் பொதுக்கூட்டத்தில் இந்தக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்து, 282-க்கு 136 என்று தோற்றது. பணம் வாங்காமல் ஆடுவதே பண்பு என்ற அமெச்சூர் கொள்கையை யூனியன் பிடித்துக்கொண்டது. உயர்தரப் பள்ளிகளில் படித்து வந்த, சனிக்கிழமை விடுப்பு எடுத்தால் எதையும் இழக்காத கனவான்களுக்கு அது எளிய பண்பு. ஆலைத் தொழிலாளிக்கு அது வாசலில் போட்ட தாழ்ப்பாள்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. பெயர் 'நார்தர்ன் யூனியன்'. அது அனுமதித்த ஈட்டுத் தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். 1898-ல் வெளிப்படையான சம்பளத்தை ஏற்றபோதும், வீரர் வேறொரு வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை அது விதித்தது. சோம்பேறிகளின் பணவேட்டை என்று தூற்றப்பட்ட இயக்கத்தின் உண்மையான முகம் இதுதான்.

விதிகள் இதற்குப் பிறகுதான் மாறின. 1897-ல் பக்கவாட்டு வரிசை போயிற்று, கம்பங்களுக்கு நடுவே செல்லும் எல்லா வகை உதைகளுக்கும் இரண்டு புள்ளி என்றாயிற்று. 1906-ல் 15 பேர் 13 ஆனார்கள். டிக்கெட் வாங்கி வருபவருக்கு வேகமான, திறந்த ஆட்டம் வேண்டும் என்பதே காரணம். 'ரக்பி லீக்' என்ற பெயர் இங்கிலாந்தில் 1922-ல்தான் வந்தது.

கிரிக்கெட் தெரிந்த நமக்கு ஓர் ஒப்பீடு உதவும். இங்கிலாந்துக் கிரிக்கெட்டிலும் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவு 1962 வரை இருந்தது. ஆனால் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். பாகுபாடு இருந்தாலும் பிரஷ்டம் இல்லை. ரக்பி யூனியன் தேர்ந்தெடுத்தது பிரஷ்டத்தை. நார்தர்ன் யூனியன் பக்கம் போனவருக்கு யூனியனில் ஆயுள் தடை.

சிட்னியில் அதே பிணக்கு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் யூனியன்தான் குளிர்கால மக்கள் ஆட்டம். 1907 ஜூலையில் நியூசிலாந்து அணி சிட்னிக்கு வந்தபோது ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 52,000 பேர் திரண்டார்கள். அந்த வசூல் முழுவதும் சங்கத்துக்குப் போனது. வீரர்களில் பெரும்பாலோர் துறைமுகத்திலும் பட்டறையிலும் கடையிலும் வேலை செய்தவர்கள்.

அலெக் பர்டன் என்ற வீரர் முடிதிருத்தும் தொழிலாளி. ஆட்டத்தில் தோளில் அடிபட்டுப் பல வாரங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. கத்தி பிடிக்கும் கை அது. சங்கம் ஈடு எதுவும் தரவில்லை. பர்டனின் தோள்தான் புரட்சியைத் தொடங்கியது என்று பலர் எழுதுவது கொஞ்சம் மிகை. நியூசிலாந்தில் நடந்த வேறொரு ஏற்பாடும் அதே அளவு முக்கியம். அதைக் கீழே பார்ப்போம். ஆனால் சிட்னி வீரர்கள் மனத்தில் இருந்த குறை என்ன என்பதை இந்த ஒரு காயம் காட்டிவிட்டது.

பிணக்கை அமைப்பாக மாற்றியவர்கள் மூவர். வணிகர் ஜேம்ஸ் கில்டினன். தொழிலாளர் அரசியலில் இருந்து வந்த ஹென்றி ஹாய்ல். மூன்றாமவரைக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும்: விக்டர் டிரம்பர். 1902-ல் ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டின் முதல் நாளில் மதிய உணவுக்கு முன்பே சதமடித்த அதே டிரம்பர். நாட்டின் மிகப் பிரியமான விளையாட்டு வீரர் ஒருவர், தனக்கு ஆதாயமில்லாத ரக்பி வீரர்களின் கூலிக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்தார். 1907 ஆகஸ்ட் 8 அன்று ஜார்ஜ் தெருவில் இருந்த பேட்மன்ஸ் கிரிஸ்டல் ஹோட்டலில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் உருவானது. டிரம்பர் அதன் பொருளாளர்.

சங்கம் தயார். வீரர்களும் சிலர் தயார். ஆனால் டிக்கெட் வாங்க வைக்கும் முகம் வேண்டும்.

அந்த முகம்

ஹெர்பர்ட் ஹென்றி மெசஞ்சர் 1883 ஏப்ரல் 12 அன்று சிட்னியின் பால்மெயினில் பிறந்தார். தந்தை சார்லஸ் மெசஞ்சர் பெயர்பெற்ற துடுப்புப் படகு வீரர். டபுள் பேயில் குடும்பத்துக்குப் படகுக் கொட்டகை இருந்தது, அங்கேதான் மகன் வேலை பழகினார். குழந்தையாக இருந்தபோது தொப்பை முன்தள்ளி இருந்ததால், அந்நாளைய அரசியல்வாதி வில்லியம் பீட் டாலியைப் போல இருக்கிறான் என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அந்தச் செல்லப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆள் உயரமில்லை, ஏறத்தாழ 172 செ.மீ. நடுக்களத்தில் சென்டர் இடத்தில் ஆடினார். அவரைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. ஒன்று, அடுத்து என்ன செய்வார் என்று யாராலும் கணிக்க முடியாது. இரண்டு, அவருடைய உதை. நெடுந்தொலைவிலிருந்து, கோணம் கடினமான ஓரங்களிலிருந்து, தரையில் நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவார். அன்று ஒரு ட்ரைக்கு, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவதற்கு, மூன்று புள்ளிகள்தான். நம்பகமான உதை இரண்டு புள்ளி தரும்போது அப்படிப்பட்ட காலுக்கு என்ன விலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'தி மாஸ்டர்', அதாவது வித்தகர், என்பது மக்கள் தந்த பட்டம்.

1906-ல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்பின் முதல்நிலை யூனியன் அணியில் ஆடினார். 1907-ல் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்காக இரண்டு டெஸ்ட். யூனியன் சர்வதேச வாழ்க்கை அவ்வளவுதான். அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்த குளிர்காலத்திலேயே கில்டினனும் டிரம்பரும் அவரை அணுகினார்கள். மகன் தாயைக் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டார் என்பதால், தாயிடம் பேசித்தான் சம்மதம் வாங்கினார்கள் என்று சிட்னியில் இன்றும் சொல்வார்கள்.

மெசஞ்சர் பட்டினியில் வாடியவர் அல்ல. படகுக் கொட்டகை இருந்தது, பெயர் இருந்தது, யூனியனில் எதிர்காலமும் இருந்தது. போகாமலே இருந்திருந்தால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. போனதால் ஆயுள் தடை நிச்சயம். இந்தத் துணிச்சலைப் பேராசை என்று எழுதியவர்கள் அன்று ஏராளம். எனக்கு அது பொருந்தாத சொல்லாகவே படுகிறது.

1907 ஆகஸ்ட் 17: குற்றம் எது?

நியூசிலாந்து ஏற்பாட்டுக்கு இப்போது வருவோம். வெலிங்டனைச் சேர்ந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர் இங்கிலாந்தின் நார்தர்ன் யூனியனுக்குக் கடிதம் எழுதி, தொழில்முறை அணி ஒன்றைச் சுற்றுப்பயணம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். 1905-ல் இங்கிலாந்து போய் அந்தப் புதிய ஆட்டத்தைக் கண்ணால் கண்டு வந்த ஜார்ஜ் ஸ்மித் உட்பட, முன்னாள் நியூசிலாந்து வீரர்கள் பலர் சேர்ந்தார்கள். 'ஆல் பிளாக்ஸ்' என்பது நியூசிலாந்து அணியின் பெயர் அல்லவா? பணத்துக்கு ஆடுகிறவர்கள் என்று சிறுமைப்படுத்த, சிட்னிப் பத்திரிகை இவர்களை 'ஆல் கோல்ட்ஸ்' என்றது. அணி அந்தப் பெயரிலேயே வரலாற்றில் நிலைத்தது.

இந்த அணி வழியில் சிட்னியில் இறங்கி மூன்று ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டம் ஆகஸ்ட் 17, வேளாண் கண்காட்சி மைதானத்தில். ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். மெசஞ்சர் கலகக்கார சிட்னி அணியில் இறங்கினார். நியூசிலாந்து 12-8 என்று வென்றது.

நார்தர்ன் யூனியனின் புதிய விதிகளில் அந்நேரம் இரு அணிக்கும் பழக்கம் இல்லை. ஆகவே அந்த ஆட்டம் பழைய ரக்பி யூனியன் விதிகளின்படியே நடந்தது. அதே 15 பேர், இரு அணியின் முன்வரிசையினரும் தோள் கோத்து முட்டித் தள்ளும் அதே ஸ்க்ரம், அதே பக்கவாட்டு வரிசை. மெசஞ்சர் அன்று ஆடியது, சில நாட்களுக்கு முன்பு வரை நாட்டுக்காக ஆடிய அதே ஆட்டம். வேறுபாடு ஒன்றுதான்: இந்த முறை வாசலில் வசூலான பணத்தில் ஆடியவர்களுக்குப் பங்கு இருந்தது. யூனியன் விதித்த ஆயுள் தடை வேறொரு விளையாட்டுக்குப் போனதற்கு அல்ல. கூலி வாங்கியதற்கு. அந்த ஒரு சனிக்கிழமையை நினைவில் வைத்திருந்தால், பிறகு வந்த நூறாண்டுகளின் நியாயப் பேச்சுகள் எல்லாம் எந்த அடித்தளத்தில் நின்றன என்பது தெரிந்துவிடும்.

கொழும்பு வழியாக லீட்ஸ்

சிட்னி ஆட்டங்களில் மெசஞ்சரைப் பார்த்த நியூசிலாந்து அணி அவரைத் தங்களுடன் இங்கிலாந்துக்கு அழைத்தது. அந்த அணியில் ஒரே ஆஸ்திரேலியர் அவர். கப்பல் செப்டம்பரில் கொழும்பில் நின்றபோது, அணி அங்கே அகில இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடி 33-6 என்று வென்றது. இலங்கையில் ரக்பி பெரும்பாலும் ஐரோப்பியர் கையில் இருந்த காலம். ஆனாலும் இலங்கை ரக்பியின் முதல் சர்வதேச ஆட்டமாக இன்று எண்ணப்படுவது, யூனியன் ஒதுக்கிவைத்த இந்தத் தொழில்முறை அணியுடன் ஆடியதுதான்.

இங்கிலாந்தில் இறங்கிய பிறகுதான் அணியினர் புதிய விதிகளைக் கற்றார்கள். 13 பேர் ஆட்டத்தில் இடம் அதிகம், கூட்டமாக மோதும் நேரம் குறைவு. மெசஞ்சரைப் போன்றவருக்கு அது திறந்த வெளி. பயணம் முடிந்தபோது அணியில் அதிகப் புள்ளிகள், 146, அவர் கணக்கில் இருந்தன. 1908 ஜனவரி, பிப்ரவரியில் நார்தர்ன் யூனியனின் பிரிட்டன் அணியுடன் மூன்று டெஸ்ட்கள் நடந்தன. லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் தோற்ற நியூசிலாந்து, லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜிலும் செல்ட்டனாமிலும் வென்று தொடரைக் கைப்பற்றியது.

அணி திரும்பும் வழியில் பாஸ்கர்வில் நிமோனியா கண்டு, 1908 மே 20 அன்று பிரிஸ்பேனில் இறந்தார். வயது 25. ஒரு விளையாட்டைத் தென்கோளத்துக்குக் கொண்டுவந்தவர், தன் நாட்டுக்குத் திரும்பி அதைச் சொல்லக்கூட வாய்ப்பில்லாமல் போனது இந்தக் கதையின் தீராத துயரம்.

எத்தனை சட்டைகள்?

வாசகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மெசஞ்சர் அணிந்த சர்வதேசச் சட்டைகளை வரிசைப்படுத்தலாம்.

1. ஆஸ்திரேலியா, ரக்பி யூனியன், 1907.
2. நியூசிலாந்து, ரக்பி லீக், 1907-08 சுற்றுப்பயணம்.
3. ஆஸ்திரேலியா, ரக்பி லீக், 1908 முதல் 1910 வரை, 7 டெஸ்ட்கள்.
4. ஆஸ்திரலேசியா, ரக்பி லீக், 1910. இரு நாட்டு வீரர்களும் சேர்ந்த அணி இது.

இன்றைய தகுதி விதிகள் அன்று இல்லை. ஒதுக்கப்பட்டவர்கள் யாரோடு சேர முடிந்ததோ அவர்களோடு ஆடினார்கள். சுவாலி சமோவாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியிருப்பது விதி தரும் உரிமை. மெசஞ்சர் நியூசிலாந்துக்கு ஆடியது, தன் நாட்டில் தொழில்முறை அணி இன்னும் பிறக்காததால்.

அந்த அணி 1908 மே 9 அன்று பிறந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் லீக் டெஸ்ட்டில் நியூசிலாந்து 11-10 என்று வென்றது. அன்று களமிறங்கியவர்களில் மெசஞ்சர், மிக்கி டோர், டெனிஸ் லுட்ஜ், டக் மெக்லீன், ஜானி ரோஸ்வெல் ஆகிய ஐவர் ஏற்கெனவே யூனியனில் நாட்டுக்காக ஆடியவர்கள். ஆஸ்திரேலியாவின் இரட்டைச் சர்வதேச வீரர்கள் பட்டியல் இவர்களில்தான் தொடங்குகிறது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் 'கங்காருக்கள்' என்ற பெயரில் முதல் ஆஸ்திரேலிய லீக் அணி இங்கிலாந்து சென்றது. டெஸ்ட்களில் தலைமை மெசஞ்சரிடம். முதல் டெஸ்ட் லண்டன் பார்க் ராயலில் 22-22 என்று சமன். அடுத்த இரண்டும் தோல்வி, கடைசியானது 6-5 என்ற ஒற்றைப் புள்ளியில். வட இங்கிலாந்தில் பஞ்சாலைகள் முடங்கிய நேரம், வானிலையும் மோசம், கூட்டம் வரவில்லை. செலவைத் தன் தலையில் சுமந்த கில்டினன் நாடு திரும்பியதும் திவாலானார். 1909-ல் அவரும் ஹாய்லும் டிரம்பரும் லீக்கின் பொறுப்புகளிலிருந்தே அகற்றப்பட்டார்கள்.

எந்தக் கட்டத்தில் லீக் வென்றது?

மெசஞ்சர் போனதால் மட்டும் லீக் நிலைத்துவிடவில்லை. அவர் கூட்டத்தை வரவழைத்தார், முதல் இரண்டு ஆண்டுகள் உயிரைப் பிடித்து வைத்தார். ஆனால் பெரும்பாலான சர்வதேச வீரர்கள் யூனியனிலேயே இருந்தார்கள். அவர்களுடைய 'வாலபீஸ்' அணி 1908-09-ல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்து, லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்று திரும்பியது.

தராசு சாய்ந்தது 1909-ல். ஜேம்ஸ் ஜாய்ண்டன் ஸ்மித் என்ற சிட்னிச் செல்வந்தர் பணம் போட, திரும்பி வந்த வாலபீஸ் வீரர்கள் 14 பேர் ஒரேயடியாக லீக் பக்கம் வந்து, கங்காருக்களுடன் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். ஆடியவர் அனைவருக்கும் யூனியனின் ஆயுள் தடை. ஒரே மாதத்தில் யூனியன் தன் சிறந்த அணியைத் தானே வெளியேற்றிக்கொண்டது. பணம் வாங்கியவரைத் தண்டிக்கும் விதி, வீரர்களைவிடச் சங்கத்தையே அதிகமாகத் தண்டித்தது.

முதல் உலகப் போர் மிச்சத்தைச் செய்தது. போரின்போது யூனியன் ஆட்டங்களை நிறுத்தியது, லீக் தொடர்ந்தது. குயின்ஸ்லாந்தில் போருக்குப் பின் யூனியன் சங்கமே கலைந்து, 1920-களின் இறுதியில்தான் மீண்டது. சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இன்று வரை லீக் முதலிடத்தில் இருப்பதற்கு இந்த இருபது ஆண்டுகளே காரணம்.

மெசஞ்சர் அந்த வெற்றியின் நடுவில் இருந்தார். 1911-ல் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 270 புள்ளிகள் குவித்தார். அவருடைய ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்று, கேடயத்தை நிரந்தரமாகப் பெற்றது. கிளப் அதை மெசஞ்சருக்கே கொடுத்துவிட்டது. அந்த ஆண்டுடன் ஓய்வு பெற்றார். பிறகு ஹோட்டல் நடத்தினார், குயின்ஸ்லாந்தில் வாழைத் தோட்டம் போட்டார். இரண்டிலும் செல்வம் சேரவில்லை. 1959 நவம்பர் 24 அன்று கன்னெடா என்ற நாட்டுப்புற ஊரில் காலமானார்.

பெயரை அழித்தது

ஆயுள் தடையோடு யூனியன் நிற்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் ரக்பி யூனியன் தன் பதிவேடுகளிலிருந்து மெசஞ்சரின் சாதனைகளையே நீக்கியது. தடை என்பது இனி ஆடக் கூடாது என்று சொல்வது. பதிவை நீக்குவது ஏற்கெனவே ஆடியதும் நடக்கவில்லை என்று சொல்வது. 1907-ல் அவர் உதைத்த பந்துகளைப் பார்த்த பல்லாயிரம் பேர் உயிரோடு இருந்த காலத்திலேயே இதைச் செய்தார்கள்.

இது ஓர் ஆளின் மீதான கோபம் மட்டும் அல்ல. பிரான்சில் 1941-ல், நாஜி ஜெர்மனிக்கு இணங்கி ஆண்ட விஷி அரசு ரக்பி லீக்கைத் தடை செய்து அதன் சொத்துகளைப் பறித்தது. பிரான்சின் லீக் அந்த அடியிலிருந்து முழுமையாக மீளவே இல்லை. பிரிட்டனில், லீக் கிளப் ஒன்றில் சோதனை ஆட்டம் ஆடிப் பார்த்ததற்கே யூனியன் கதவு மூடிக்கொண்டது. அதனால் பலர் பெயரை மறைத்து ஆடினார்கள்.

பிறகு, 1995 ஆகஸ்ட் 26 அன்று, பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் யூனியன் வீரர்களும் சம்பளம் பெறலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டத்துக்கு நூறாண்டு நிறைய மூன்றே நாட்கள் மீதமிருந்தன. அதன் பிறகு ஆயுள் தடைக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. இங்கிலாந்தின் ஜேசன் ராபின்சன், ஆஸ்திரேலியாவின் வெண்டல் செய்லர், லோட்டே டுகிரி, மேட் ராஜர்ஸ் போன்றோர் லீக்கிலிருந்து யூனியனுக்கு வந்து, 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடினார்கள். நியூசிலாந்தின் சானி பில் வில்லியம்ஸ் யூனியனில் 2011 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார், லீக்குக்குத் திரும்பி 2013 இறுதியாட்டம் ஆடினார், பின் யூனியனுக்கு வந்து 2015-லும் கோப்பை வென்றார். மெசஞ்சர் ஒரு முறை கடந்த கோட்டை இவர் மூன்று முறை கடந்தார், ஆயுள் தடை எதுவும் விழவில்லை.

இன்றைய தடைகளை எப்படிப் படிப்பது?

ஆர்360 தொடர்பான எச்சரிக்கைகளை 1907-உடன் ஒப்பிடுவோர் இருக்கிறார்கள். ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது.

1. அன்று தடைக்குக் காரணம் பணம் வாங்கியது. இன்று இரு பக்கமும் பணம் தருகிறது. சர்ச்சை, வீரர் யாருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்பது பற்றியது.

2. அன்று வீரருக்குச் சங்கத்தில் குரலே இல்லை. இன்று வீரர் சங்கங்கள் உண்டு, நீதிமன்றம் உண்டு, காயத்துக்கு மருத்துவச் செலவும் உண்டு. அலெக் பர்டன் கேட்டது இன்று ஒப்பந்தத்தின் சாதாரண வரி.

3. ஆனால் ஆயுதம் அதேதான். வேறு இடத்தில் ஆடினால் இங்கே இடமில்லை என்பது. 1907-ல் யூனியனிடம் இருந்த அந்த ஆயுதத்தை இன்று கையில் எடுத்திருப்பது, அதனால் அன்று அடிபட்டவர்கள் தொடங்கிய லீக். பத்து ஆண்டு என்பது விளையாட்டு வீரருக்கு ஏறத்தாழ ஆயுள்தான். இந்த அமைப்பின் பிறப்பை அறிந்தவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

லீக் உலகம் மெசஞ்சரை மறக்கவில்லை. 1980 முதல் ஆஸ்திரேலியாவின் ஆண்டின் சிறந்த லீக் வீரருக்குத் தரப்படும் பதக்கத்தின் பெயர் 'டாலி எம்'. 2018-ல் லீக்கின் 'அழியாப் புகழ் பெற்றோர்' வரிசையிலும் அவர் சேர்க்கப்பட்டார். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் இன்று சிட்னி ரூஸ்டர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. சுவாலி யூனியனுக்குப் புறப்பட்டது அந்தக் கிளப்பிலிருந்துதான்.

யூனியன் தன் பதிவேட்டில் மெசஞ்சரின் பெயரை 2007-ல் மீண்டும் எழுதியது. அவர் இறந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.